வாசல் விளக்கின் மேல் ஒரு கூடு

தோட்டத்துப் பறவைகள் பற்றிப் பேசக் கேட்டார்கள். நான் ஒரு கூட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டொரோண்டோவில் எங்கள் பின்வாசல் விளக்கின் மேல், போன மே மாதம் அமெரிக்க ராபின் கட்டிய கூடு.

சிவந்த நெஞ்சைப் பார்த்து, ஆங்கிலேயர் தங்கள் ஊர் ராபினின் பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள். உறவில் இது பூங்குருவி இனம். பெண்தான் சேறும் புல்லும் சுமந்து, நெஞ்சால் அழுத்திக் கிண்ணமாக்கும். நாளுக்கு ஒன்றாக நான்கு நீல முட்டைகள். அந்த நீலம் பிலிவெர்டின் என்ற நிறமி. நம் உடலில் அதுதான் பிலிருபினாக மாறும். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையில் நாங்கள் அளப்பது அதைத்தான்.

முட்டையுள்ள கூட்டை அகற்ற இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. விளக்கை அணைத்தே வைத்தோம், முன்வாசலால் போய்வந்தோம்.

அடைகாக்கும் தாய்க்கு அடிவயிற்று இறகு உதிர்ந்து, ரத்தக்குழாய் பெருத்த வெறும் தோல் தெரியும். குறைமாதக் குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடத்துகிறோமே, அதே வேலை. குஞ்சுகளின் எச்சமோ வெள்ளைப் பையில் கட்டிய பொதியாக வரும். பெற்றோர் அலகில் கவ்விப் போய்த் தூரத்தில் போடும். டயப்பரோடு எத்தனையோ இரவுகளைக் கழித்தவளுக்குப் பொறாமை வராதா?

பதின்மூன்றாம் நாள், சரியாகப் பறக்கத் தெரியாமலே குஞ்சுகள் இறங்கிவிட்டன. ஒன்று புல்லில் வாய் பிளந்து நின்றது. மகள் சப்பாத்துப் பெட்டியும் துவாயுமாக ஓடிவந்தாள். என் கையும் பரபரத்தது. கிடப்பவரைத் தூக்கிப் பழகிய கை.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அது கதை. தொடக்கூடாததற்குக் காரணம் வேறு: அந்தக் குஞ்சு கைவிடப்பட்டதல்ல. இறங்கிய பிறகும் இரண்டு வாரம்போலத் தகப்பன் தரையில் தேடிவந்து புழு ஊட்டும். நாம் தூக்கினால் பிள்ளையைத் திருடுகிறோம்.

மத்தேயு பத்தாம் அதிகாரத்துக் குருவியைப் பிரசங்கங்களில் ஆறுதலாகக் கேட்டிருப்பீர்கள். அது விழாமல் தடுக்கப்படும் என்று அங்கே இல்லை. வார்டில் பலமுறை அதை நினைத்திருக்கிறேன். அன்று ஜன்னலருகே நின்றும் நினைத்தேன்.

செய்ய முடிந்தது ஒன்றுதான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், சில நாட்கள் பூனையை உள்ளே வைத்திருக்கக் கேட்டேன். ஆறு வருடத்தில் அவரோடு பேசிய முதல் முழு வாக்கியம் அது. வைத்திருந்தார்.

நான்கில் இரண்டைத்தான் பிறகு பார்த்தேன். தாய் அதற்குள் மேப்பிள் மரத்துக்குச் சேறு சுமக்கத் தொடங்கியிருந்தது.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.