கலக்கும் கலம்

மட்டக்களப்பு என்றதும் வாவியோடு நினைவுக்கு வருவது எருமைத் தயிர். வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் படுவான்கரையின் மேய்ச்சல் நிலங்கள் அதற்குப் பேர்போனவை. பாலைக் காய்ச்சி, ஏறக்குறைய 40 பாகை சென்டிகிரேட் வரை ஆறவிட்டு, உறைமோர் சேர்த்துக் கலக்கி, மண்சட்டிகளில் வார்ப்பர். உறை எங்கும் ஒருபடித்தாய்ப் பரவாவிடின், ஒரு சட்டி மிகப் புளிக்கும். மற்றொன்று நெகிழ்ந்தே கிடக்கும். ஆகவே, ஒரு நாட் பாலின் பயன் இக்கலக்குதலில் தங்கியுள்ளது.

கலக்குவது தோன்றுமளவு எளிதன்று. வழவழப்பான வட்டப் பாத்திரத்தில் கோலை ஒரே திசையிற் சுழற்றினால் நடுவே சுழி விழும். பால் முழுவதும் கூடிச் சுற்றுமேயன்றி, மேலுள்ளது கீழிறங்கிக் கலவாது. மத்தைக் கயிறிட்டு முன்னும் பின்னும் இழுத்த பழைய வழக்கத்தின் நுட்பம் இங்கே விளங்கும். திசை மாறுந்தோறும் சுழி உடைகிறது. மின்சாரக் கலக்கியோ பெரும்பாலும் ஒரே திசையிற் சுழல்வது. எனவே, கயிறு செய்த வேலையைக் கலத்தின் சுவர் ஏற்றல் வேண்டும்.

இதற்காகச் சுவரின் உட்புறத்தில், வயல் வரம்பு போல, மேலிருந்து கீழாக நான்கு வரம்புகளை அமைப்பர். ஒவ்வொன்றும் விட்டத்திற் பத்தில் ஒரு பங்களவு உள்நோக்கி நீளும். 30 சென்டிமீற்றர் விட்டமுள்ள கலத்துக்கு 3 சென்டிமீற்றர். சுற்றி வரும் பால் அவற்றில் மோதி மேலும் கீழுமாகப் புரளும்.

இத்தகைய கலத்தைப் பெருந்தொகையாகச் செய்ய ஏற்றது, உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தும் முறை. அதற்குச் சில விதிகள் உண்டு. வரம்பு குறுக்காக ஓடினால் உள்ளச்சு எளிதிற் கழலாது. கலம் வாய்நோக்கிச் சற்றே விரியவும், வரம்பு வாய்நோக்கி மெலியவும் வேண்டும். சுவர் எங்கும் ஒரே தடிப்பாயிருத்தல் நன்று. வரம்பின் அடி அதிற் பாதியளவு போதும். மிகத் தடித்தால், ஆறும்போது சுருங்கி வெளிப்புறத்திற் குழி விழும். மூலைகள் வளைந்திராவிடின், அங்கே தங்கும் பழைய பால் மறுநாட் பாலைக் கெடுக்கும்.

அச்சின் விலை பெரிது. பத்துக் கலங்களுக்காக அதனை வெட்டுவது பேதைமை. உற்பத்தியாளர் பலர் கூடினாற்றான் செலவு கட்டும். வெட்டிய எஃகை மேலும் குடையலாம். குடைந்ததை நிரப்புவது அரிது. ஆதலின் வரம்பை முதலிற் சிறிதாக அமைத்து, வேண்டுமாயின் பெருக்குவதே விவேகம். அதற்கும் முன்னர், சாதாரண வாளியொன்றின் உட்சுவரில் நான்கு சட்டங்களைப் பொருத்தி, நீரில் சிறிது சாயம் விட்டுக் கலக்கி, நிறம் ஒன்றாக எத்தனை விநாடி செல்கிறதெனக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அச்சோதனைக்குச் செலவு சொற்பம்.

கலக்குவதற்கே இப்புதிய கலம். தயிரின் நீரை உறிஞ்சி அதனை இறுகச் செய்யும் மண்சட்டியின் இடம் மண்சட்டிக்கே உரியது.