குடத்தோடு நடந்த தூரம்
(அனந்தபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2007 ஜூன் 1-ம் தேதி நியூயார்க்கில் ஒரு தொடர் ஓட்டம் தொடங்கியது. பேர் 'புளூ பிளானட் ரன்'. ஆண்களும் பெண்களுமா 20 பேர். ஒருத்தர் ஓடி முடிச்சு கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் கொடுப்பார். இரவு பகலா 95 நாள், 16 நாடுகள், சுமார் 24,000 கிலோமீட்டர். பாதுகாப்பான குடிநீர் இல்லாத மக்களுக்காக ஓடினாங்க. நம்ம நாட்டுப் பக்கம் வரலை.

வராட்டி என்ன? தினமும் 2 கிலோமீட்டர் தண்ணிக்கு நடந்த அம்மா, 33 வருஷத்துல அதே தூரத்தை நடந்திருப்பாங்க. அதுவும் இடுப்புல 15 கிலோ குடத்தோட!

இப்ப பல வீட்டுல குழாய் வந்தாச்சு, நடை குறைஞ்சது. ஆனா தெளிவா இருந்தா நல்ல தண்ணின்னு நம்பிடறோம். கிருமி கண்ணுக்குத் தெரியாதே. ஒரு குழுவோட நோட்டில் பார்த்தேன், ஒரே மாசத்துல மூணு உள்கடன், மூணும் பிள்ளைங்க வயிற்றுப்போக்குக்கு. சீட்டுப் பணம் போல சேர்த்த காசு.

தொட்டியில் கழுவின தேதி எழுதியிருக்கா, பிளீச்சிங் பவுடர் போடறாங்களான்னு பாருங்க. ஊராட்சிக்காரங்க மார்ச் 22 கிராம சபையில் கேளுங்க. இங்கே அனந்தபுரத்துக்காரங்க பேரூராட்சியில் மனு கொடுங்க. அதுவரைக்கும் கொதிக்க வச்சுக் குடிங்க.

எந்தக் குழு எந்தத் தொட்டியைப் பார்க்கும்னு இன்னிக்கே தீர்மான நோட்டில் எழுதிடலாமா?