பரணில் கிடக்கும் குரல்கள்

(திருநகரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திருநகர், பசுமலைப் பக்கம் எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் பழைய கேசட்டுகள் கிடக்கும். ஆண்டு விழாப் பேச்சு, கல்யாண வீட்டுக் கச்சேரி, அப்பத்தா பாடிய தாலாட்டு, எல்லாம் அதுலதான் இருக்கு. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றினால் என்ன செய்யலாம் என்பதே என் பேச்சு.

1987-ல் மதுரை வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில், ஒலிப்பதிவைத் திருத்துவது என்றால் நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டுவதுதான். இன்று ஒலி திரையில் அலையாகத் தெரிகிறது. குறுந்தகட்டின் தரத்தில், ஒரு விநாடி ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. எண்ணாகிவிட்டால் அப்புறம் எல்லாம் கணக்குதானே! இருமலை நீக்கலாம். டேப் மெதுவாக ஓடி இறங்கிப்போன சுருதியை ஏற்றலாம். தவறாக வெட்டினால் உடனே பழையபடி ஆக்கலாம்.

இதற்குப் பணம் வேண்டாம். 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி என்ற மாணவரும் ராஜர் டேனன்பர்க் என்ற ஆசிரியரும் தொடங்கிய 'ஆடாசிட்டி' இன்றும் இலவசம்.

பேச்சே இல்லாத இடத்தில் இரண்டு விநாடி இரைச்சலைக் காட்டினால், அது அதைப் படித்துக்கொண்டு பதிவு முழுவதும் குறைக்கும். ஆனால் அளவு மீறினால் ஆபத்து. டேப்பின் 'ஸ்ஸ்' ஓசையும் நம் பேச்சின் 'ச', 'ஸ' ஒலிகளும் ஒரே உயரத்தில் இருப்பவை. ஒன்றை அதிகமாக வெட்டினால் மற்றதும் போகும். குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடும்.

இன்னொன்று. 2024-ல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் பாட வைத்தார் ஏ.ஆர். ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, சன்மானமும் கொடுத்தே செய்தார். எல்லோரும் அப்படிக் கேட்டுச் செய்வார்களா? நாளைக்கு ஒரு குரல் உண்மையா, உண்டாக்கியதா என்று சந்தேகம் வந்தால், சாட்சி சொல்ல மூலப்பதிவு ஒன்றுதான் இருக்கும்.

ஆகவே தம்பி தங்கைகளே, முதலில் எதையும் திருத்தாமல் 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். 60 நிமிடக் கேசட் ஏறத்தாழ 635 எம்.பி.தான் பிடிக்கும். பேசியவர் பெயர், ஊர், தேதி எழுதி வையுங்கள். திருத்தம் எல்லாம் நகலில் மட்டும். நாடா பூஞ்சை பிடித்த பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை. இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு கேசட்டாவது எடுங்க.