பத்தியம் தொடங்கும் முன் ரத்தம் பார்ப்போம்

(சுரண்டையில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உடல்நலக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை பற்றிப் பேசுவோம். இன்று நாங்கள் பேச வந்திருப்பது அசதியைப் பற்றி.

"மேலுக்கு முடியல மதினி", "கிறக்கமா வருது", "காலையில எந்திக்கவே மனசு வரல." குழுக் கூட்டத்துக்கு வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது இதைத்தான். சரி, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், டாக்டரிடம் போனேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. எதையோ சாப்பிடாமல் நிறுத்தினேன் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். ஒருத்தர் அரிசிச் சோற்றை விட்டிருக்கிறார். ஒருத்தர் பாலை விட்டிருக்கிறார். முட்டை சூடு, கருவாடு கரப்பான் என்று ஒருத்தர் ஒதுக்கிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டையே விட்டவர்களும் உண்டு. பேலியோ என்கிறார்கள், இயற்கை உணவு என்கிறார்கள். போனைத் திறந்தால் ஆளுக்கொரு பத்தியம் சொல்கிறார்கள்.

பத்தியம் நமக்குப் புதிது இல்லை. சித்த வைத்தியத்தில் மருந்தோடு பத்தியமும் உண்டு. ஆனால் அங்கே வைத்தியர் முதலில் நாடி பார்த்து, இன்ன நோய் என்று சொல்லி, இத்தனை நாள் என்று கெடுவும் வைப்பார். இப்போது நாம் எடுக்கும் பத்தியத்தில் நோயும் தெரியாது, கெடுவும் கிடையாது. இதுதான் எங்களுக்குக் கவலை.

ஒரு சகோதரியின் அனுபவம்

பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இதைக் கட்டாயம் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார் ஒரு அக்கா. வயது 38. பீடி சுற்றுகிறவர். ஆறு மாதமாக அசதி. வீடியோ பார்த்து ஒரு பத்தியம் ஆரம்பித்தார். காலையில் கொள்ளுக்கஞ்சி, மதியம் வெறும் காய், ராத்திரி ஒன்றும் இல்லை. பால், முட்டை, மீன் எல்லாம் நிறுத்தம். டீயை மட்டும் விடவில்லை. பசியை அடக்க அதுதானே துணை!

முதல் இரண்டு வாரம் உடம்பு லேசாக இருந்ததாம். "நல்லாத்தான் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறார். சோறு குறைந்தால் மதிய மந்தம் குறையும், வயிறு லேசாகும். அது குணம் ஆனதற்கு அடையாளம் இல்லை. மூன்றாவது மாதம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏற முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.2. அதன் பிறகு டாக்டர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை. "மாதவிலக்கு எத்தனை நாள்?" என்று கேட்டார். எட்டு நாள், அதுவும் கட்டி கட்டியாக! இரண்டு வருடமாக வெளியே சொல்லவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. இப்போது வைத்தியம் நடக்கிறது, நல்லபடியாக இருக்கிறார்.

அவருக்கு அசதி சோற்றினால் வரவில்லை. ரத்தப்போக்கினால் வந்தது. ரத்தம் போய்க்கொண்டிருந்த உடம்பிலிருந்து ரத்தம் ஊற வைக்கும் உணவையும் எடுத்துவிட்டார். மூன்று மாதம் வீணாகப் போனதுதான் மிச்சம்.

நமது உடம்பின் வரவு செலவு

கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது எளிதாகப் புரியும். ஒவ்வொரு மாதவிலக்கிலும் சுமார் 30 முதல் 40 மில்லி ரத்தம் போகிறது. அதோடு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்புச்சத்தும் போகிறது. இது தவிர்க்க முடியாத செலவு. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு என்றால், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று இருக்கிறது. நம்மில் எத்தனை வீட்டில் அப்படி நடக்கிறது? குழம்பில் கிடக்கும் மீன் துண்டு யார் தட்டுக்குப் போகிறது? கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார்?

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் 55 சதவீதம். ஐந்து வருடத்தில் பெரிய மாற்றம் இல்லை. அதாவது இருபது பேர் உள்ள ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருக்கலாம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை.

வரவு ஏற்கெனவே குறைவு. செலவு மாதா மாதம் நடக்கிறது. இந்த நிலையில் வரவை இன்னும் குறைப்பதுதான் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் பத்தியம்.

எதை விட்டால் என்ன ஆகும்?

பால், முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் பி12 என்ற சத்து கிடைக்காது. அது செடி கொடியில் இல்லை. புரட்டாசி மாதம் கவுச்சி சாப்பிடாமல் இருப்பதால் ஒன்றும் ஆகாது, உடம்பில் இருப்பு இருக்கும். பாலும் மோரும் கூட இல்லாமல் வருடக்கணக்கில் போனால் அசதி, கை கால் மதமதப்பு, ஞாபக மறதி எல்லாம் வரும்.

கல் உப்பும் இந்துப்பும்தான் இயற்கை என்று அயோடின் உப்பை விட்டவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். கழுத்திலே இருக்கிற தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். அது போதாமல் சுரப்பி மந்தமானால் வரும் முதல் தொந்தரவே அசதி, உடம்பு கனம், முடி கொட்டுதல்தான். அசதிக்காக உப்பை மாற்றி, அந்த மாற்றமே அசதியைக் கொண்டுவந்தால் என்ன செய்வது?

உண்மையிலேயே குறைக்க வேண்டியது ஒன்று உண்டு. அது சாப்பாட்டோடு குடிக்கும் டீ, காப்பி. சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தில் உடம்பில் சேர வேண்டியதைப் பாதிக்கு மேல் டீ தடுத்துவிடும். டீயே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காசு செலவில்லாத பத்தியம் இதுதான்!

காந்தியடிகள் கதை

பத்தியத்தில் நம்மையெல்லாம் மிஞ்சியவர் காந்தியடிகள். 1912-ல் பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தார். 1918-ல் குஜராத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து, எழுந்து நடக்க முடியாத அளவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. பால் சாப்பிடாமல் உடம்பு தேறாது என்று டாக்டர் சொன்னார். அவரோ விரதத்தை விட மாட்டேன் என்றார். நீங்கள் விரதம் எடுத்தது பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்துத்தானே, ஆட்டுப்பாலில் என்ன தடை என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா அம்மையார். அதன் பிறகே உடம்பு தேறியது. விரதத்தை அவர் பெரிதாக நினைத்தது சரிதான். உடம்பின் தேவையைப் பார்த்து வழி கண்டுபிடித்தது வீட்டிலிருந்த பெண்!

பத்தியம் எப்போது சரி?

எல்லாப் பத்தியமும் தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோய்க்கு அரிசி, இனிப்பைக் குறைக்கத்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறுக்கு டாக்டர் சொல்லும் கட்டுப்பாடு முக்கியம். பால் குடித்தால் வயிறு உப்பி, பேதி ஆகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்க்கலாம். அப்போதும் மூன்று விதிகளை மறக்க வேண்டாம்.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடுங்கள். நாலை ஒன்றாக விட்டால் எதனால் குணம் என்று தெரியாது. இரண்டாவது, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். கெடு முடிந்ததும் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது, ஒன்றை விட்டால் அதற்கு ஈடாக ஒன்றைச் சேருங்கள். பாலை விட்டால் கேழ்வரகும் சின்ன மீனும். முட்டையை விட்டால் சுண்டலும் உளுந்தங்களியும்.

சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் அசதி தீராதவர்களும் உண்டு. 2012-ல் கடையநல்லூர் பக்கம் டெங்கு வந்ததும், 2020, 2021-ல் கொரோனா வந்ததும் நமக்கு மறக்காது. இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் உடம்பு ஓய்ந்து கிடப்பது சிலருக்கு நடக்கும். கொஞ்சம் வேலை செய்தாலும் மறுநாள் படுத்துவிடுவார்கள், தூங்கி எழுந்தாலும் களைப்பு போகாது. இதையும் நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதைக் குணப்படுத்தும் உணவுமுறை எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. இங்கிலாந்தில் 2021-ல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல், இந்த நோயாளி கடுமையான பத்தியத்தில் இருந்தால் உணவு நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. அவர்களுக்கு வேண்டியது வேலையைப் பங்கிட்டுச் செய்வதும், இடையிடையே ஓய்வும். அதோடு "சும்மா நடிக்கிறா" என்று வீட்டார் சொல்லாமல் இருப்பதும் வேண்டும்.

இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு மேல் அசதி உள்ள உறுப்பினர்களின் பட்டியல் எடுங்கள். தனியாக அனுப்பாமல் ஊக்குநரோ பிரதிநிதியோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை பாருங்கள். தைராய்டு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மேல் சிகிச்சை என்றால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது.

2. மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். படபடப்பு, மூச்சு வாங்குதல், கால் வீக்கம், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல் இருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

3. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு போடாதீர்கள். எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எண்ணிக்கை 12-ஐத் தாண்டியதும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் சேமிப்பு சேரும்வரை டாக்டர் சொன்ன மாதம் முழுக்கப் போடுங்கள்.

4. நம் ஊர்ச் சந்தைக் காய்கறி செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது. நம் அடுப்பில் வாரம் மூன்று நாளாவது கீரை வேகட்டும். முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

5. அசதிக்குச் சத்துமாவு டப்பா, பவுடர் வாங்க உள்கடன் கேட்டு யாராவது வந்தால், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பிறகு தீர்மானம் எழுதுங்கள். கடன் கூடாது என்று இல்லை, காசு சரியான வைத்தியத்துக்குப் போகட்டும் என்றுதான்.

சகோதரிகளே! குழுவில் யாராவது தவணை கட்டவில்லை என்றால் நாம் வீடு தேடிப் போகிறோம். காரணம் கேட்கிறோம். அதே போல அசதி என்று ஒருத்தி படுத்தால் அவள் வீட்டுக்கும் போவோம். "என்னத்த சாப்பிட்ட?" என்று கேட்பதோடு "ரத்தம் பாத்தியா?" என்றும் கேட்போம். அடுத்த மாதக் கூட்டத்தில் எத்தனை பேர் பரிசோதனை செய்தார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு குழுவும் கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.