குருதிக் குழாயும் மூன்று தூதரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் மருத்துவம் கற்றோம் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு பள்ளியை விட்டு ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டி வருகிறோம். ஆயினும் இரத்தக் கொதிப்பு நுழையாத வீடு நம் குடியிருப்பில் அரிதாகிவிட்டமையின், படித்தறிந்ததைச் சொல்லத் துணிந்தோம்.

மார்கழி விடியலில் இப்பெங்களூரில் தண்ணீரில் கை வைத்ததும் விரல்கள் வெளுக்கின்றன அல்லவா? உடற்சூடு வீணாகாதபடி தோலின் சிறு குருதிக் குழாய்கள் சுருங்குவதே காரணம். படுக்கையினின்று எழும்போதும் குழாய்கள் சுருங்கியே குருதி மூளைக்கு எட்டுமாறு காக்கின்றன. இவற்றை ஏவுவன பரிவு நரம்புகள். நரம்பின் முனைக்கும் குழாயின் தசைக்கும் இடையே சிறு வெளி உண்டு. அதனைக் கடக்க நரம்பு அனுப்பும் இரசாயனத் தூதன் நார்அட்ரினலின் என்பதை 1946இல் சுவீடன் அறிஞர் வான் ஆய்லர் காட்டினார்.

இங்கே நம் நாட்டு மூலிகையொன்று கதையிற் புகுகிறது. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையால் மேனாடுகள் அதனை அறிந்தன. 1952இல் அவ்வேரினின்று ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது நரம்பு முனையிலுள்ள நார்அட்ரினலின் இருப்பைக் காலி செய்துவிடும். தூதன் இல்லையேல் ஏவலும் இல்லை என்றுதானே எண்ணுவோம்? ஆனால் ரிசர்பின் கொடுத்த விலங்குகளின் சில குழாய்கள், நரம்பைத் தூண்டியதும் பின்னும் சுருங்கின!

ஒரே நரம்பு பல தூதரை அனுப்பலாகாதோ என்று ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1976இல் வினவினார். இன்று மூவர் எனத் தெளிந்துள்ளது. ஏ.டி.பி. முதலிற் பாய்ந்து, தசையைச் சட்டெனச் சுருக்கிவிட்டு விரைவில் அழிகிறது. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் அதே பொருள்தான்; அதற்கு இத்தொழிலும் உண்டென்பதே நமக்குப் பெருவியப்பு. நார்அட்ரினலின் சற்றுத் தாமதித்து வந்து சுருக்கத்தை நிலைநிறுத்துகிறது. மூன்றாவது, 1982இல் பன்றி மூளையினின்று பிரிக்கப்பட்ட நியூரோபெப்டைட் ஒய். நரம்பு கடுமையாகத் தூண்டப்படும்போதே பெரிதும் வெளிவந்து, நெடுநேரம் நின்று, மற்ற இருவருக்கும் வலுவூட்டும். நம் அலுவலக வழக்கிற் சொன்னால், தொலைபேசியில் ஒரு சொல், அடுத்து எழுத்தாணை, அவசரமெனில் மேலதிகாரியின் கையொப்பம். அளவு மிகுந்தால் நார்அட்ரினலினே நரம்பு முனைக்குப் 'போதும்' என்று உணர்த்தித் தடுப்பதும் உண்டு.

மனிதர் காலிலிருந்து அறுவையில் எடுத்த சிரைத் துண்டுகளிலும் நார்அட்ரினலினும் ஏ.டி.பி.யும் சேர்ந்து இயங்குவது காணப்பட்டுள்ளது. ஆகவே ஒரு தூதனை மட்டும் அடக்கினால் ஏவல் முற்றும் ஓய்வதில்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டு, பிறர் சொற்கேட்டுச் சர்ப்பகந்திப் பொடி வாங்க எண்ணும் பெரியவர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். ரிசர்பின் மூளையிலுள்ள இருப்பையும் காலி செய்யும். அதனை மிகுந்த அளவில் உண்டோர் சிலரிடம் கடும் மனச்சோர்வு காணப்பட்டது; எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுந்தோரும் உண்டு. வேறு மருந்துகள் வந்தபின் மருத்துவர்கள் அதனை அரிதாகவே எழுதுகின்றனர்.