சென்னை யூதர்களைத் தேடிய வால்டர் ஃபிஷெல்

வால்டர் ஃபிஷெல் 1902இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். 1926 முதல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1945இல் அமெரிக்காவின் பெர்க்லிக்குப் பேராசிரியராகப் போனார். அரபு, பாரசீக மூலங்களில் ஊறியவர். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், தைமூரை நேரில் சந்தித்த செய்தியை ஆராய்ந்து 1952இல் அவர் வெளியிட்ட நூல் அறிஞர்களிடையே பெயர்பெற்றது.

இந்திய யூதர் என்றாலே கொச்சிக்காரர்களும் மும்பைப் பக்கத்துப் பெனே இஸ்ரவேலரும்தான் பேசப்படுவார்கள். ஃபிஷெல் 1960இல் சென்னையைப் பற்றி எழுதினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையை அண்டி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த யூத வணிகர்களைப் பற்றிய கட்டுரை அது. அவர் எழுதியவற்றுள் தமிழர் முதலில் படிக்க வேண்டியதும் அதுதான்.

திருப்பதியை அடுத்த சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டிருந்த விஜயநகர அரசின்கீழ் இருந்த நாயக்கர், 1639இல் ஆங்கிலேயருக்கு அளித்த கடலோர மணல்வெளியே பிற்காலச் சென்னை. அரை நூற்றாண்டுக்குள் அங்கே வைர வாணிகம் சூடுபிடித்தது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சமயக் கெடுபிடிக்குத் தப்பி லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இந்த வணிகர்கள். மத்திய தரைக்கடலில் எடுத்த பவளத்தை இங்கே இறக்கி, கிருஷ்ணை ஆற்றங்கரைக் கொல்லூர் போன்ற கோல்கொண்டாச் சுரங்கங்களின் வைரத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். நவமணிகளில் ஒன்றான பவளத்துக்கு இந்தியாவில் எப்போதும் கிராக்கி இருந்ததால், வைரத்துக்கு ஈடாக வெள்ளியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கவில்லை.

அவர்களில் முன்னோடியான ஜாக் டி பாய்வா, பெத்தநாயக்கன்பேட்டையில் யூதருக்கென இடுகாட்டு நிலம் பெற்றவர். கோல்கொண்டாச் சுரங்கங்களுக்கே போய்வந்த அவர் 1687இல் இறந்தார். மறு ஆண்டு சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது ஆல்டர்மன்கள் எனப்பட்ட நகரமன்ற உறுப்பினர்கள் பன்னிருவரில் யூதர்களும் இருந்தனர். லண்டனிலேயே யூதருக்கு அப்படிப்பட்ட பதவி எட்டாக்கனியாக இருந்த காலம் அது! ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெரு இன்றும் அந்த வாணிகத்தின் பெயரைச் சுமக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கவே, கோல்கொண்டாவின் ஏகபோகம் போயிற்று; சென்னையின் யூதக் குடியிருப்பும் மெல்லக் கரைந்தது.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகள் சரக்கையும் வழக்கையும் விரிவாகச் சொல்லும். அந்த வணிகர்களின் வீட்டையும் வழிபாட்டையும் அவற்றில் தேடிப் பயனில்லை. சென்னை யூதரின் வரலாறு மெலிந்திருப்பதற்கு அதுவே காரணம்.

சென்னையோடு ஃபிஷெலுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. டேவிட் டி பெத் ஹிலெல் என்ற யூத குரு ஜெருசலேமிலிருந்து குர்திஸ்தான், பாரசீகம் வழியாகச் சென்னைவரை வந்து, தம் பயண நூலை 1832இல் இங்கேயே ஆங்கிலத்தில் அச்சிட்டார். மறக்கப்பட்டுப்போன அந்த நூலை ஃபிஷெல் பதிப்பித்தார். பதிப்பு வெளிவந்த 1973ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.