தொட்டிலும் தராசும்

(சேலத்துப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

அரசியல் பேச வந்தவன் அடுக்களைக்குள் நுழைகிறானே, ஆட்சியைப் பற்றிப் பேசவேண்டியவன் அன்னையின் வயிற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! பெண்ணின் வயிற்றுக்குக் கணக்குக் கேட்கிறது சமுதாயம். அந்த வயிற்றை வைத்து வாணிபம் செய்கிறது பணம். அதற்கு வயது வரம்பு விதித்திருக்கிறது சட்டம். சமுதாயமும் பணமும் சட்டமும் கூடுகிற இடத்திலே அரசியல் இல்லையென்றால், வேறெங்கேதான் இருக்கிறது அரசியல்?

நாற்பது வயதைக் கடந்தபின், ஒரு குழந்தை வேண்டி மருத்துவமனை வாசலிலே காத்து நிற்கிறாளே, அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நம்முடைய மண்ணைப் பாருங்கள். 1992-ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது இந்தச் சேலத்திலேதான். ஏன் சேலத்தில்? பிறந்தது பெண் என்றதும் கள்ளிப்பால் புகட்டிய கொடுமை இங்கே நடந்தது, அதனால்தான்! 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 என்றால், பெண் குழந்தைகள் 851 மட்டுமே. மீதிப் பெண்கள் எங்கே? கேட்டது கணக்கெடுப்பு, பதில் சொல்லவில்லை ஊர்!

காலம் பதில் சொல்லிற்று. பெண் கிடைக்காமல் முப்பத்தைந்து, நாற்பது வயது வரை காத்திருக்கிறார்கள் கொங்கு நாட்டு ஆடவர். பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் தேடுகிறார்கள். தாமதமான திருமணம், தாமதமான தாய்மை, அதன்பின் மருத்துவமனை. குழந்தைக்கு ஏங்கும் இன்றைய தம்பதியர் அந்தப் பாதகத்தைச் செய்தவர்கள் அல்லர். ஆனால், பெண் வேண்டாம் என்று விரட்டிய அதே ஊர்தான், இன்று பெண்ணைப் பார்த்துப் பிள்ளை எங்கே என்று கேட்கிறது!

கேட்கும் அழகைப் பாருங்கள். நாடகம் எழுதுகிறவன் நான். ஒரு சிறு காட்சியை வைக்கிறேன். நாற்பத்தொரு வயதுப் பெண் வாசலிலே கோலமிடுகிறாள். வருகிறாள் பக்கத்து வீட்டம்மாள்.

"ஏனம்மிணி, ஏதாச்சும் விசேசமுண்டா?"

"இல்லீங்க்கா."

"ஆசுபத்திரிக்குப் போறாப்பல தெரிஞ்சுது?"

"ஆமாங்க்கா."

"இந்த வயசுலயா!"

மூன்றே கேள்விகள். சிகிச்சைக்குப் போகாவிட்டால், முயற்சி செய்யவில்லை என்பது பழி. போனால், இந்த வயதில் ஏன் என்பது பழி. மருத்துவர் போடும் ஊசி பத்து நாள். ஊரார் போடும் ஊசி பத்து ஆண்டு!

ஊசி யாருக்கு? அவளுக்குத்தான். 'மலடி' என்ற சொல் தெருவிலே திரிகிறது. 'மலடன்' என்ற சொல் அகராதியிலே உறங்குகிறது! மருத்துவம் என்ன சொல்கிறது? குழந்தையின்மைக்குக் காரணம் தேடினால், ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடம் ஆணின் குறைபாட்டுக்கும் பங்கு இருக்கிறது. ஆணுக்கான முதற்சோதனை எளியது, செலவும் சொற்பம். எனினும் பல வீடுகளிலே, கோயில் கோயிலாக அவள் சுற்றியபின், வைத்தியர் பலரை அவள் பார்த்தபின், கடைசியாகத்தான் வருகிறது கணவன் முறை. மீசை தடுக்கிறது! அந்த மீசை விழுங்கிய ஆண்டுகள் எத்தனை? முப்பத்திரண்டில் தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை நாற்பத்திரண்டில் தொடங்குகிறதே, அந்தப் பத்தாண்டுக்குப் பொறுப்பாளி யார்?

இந்த வேதனையைத்தான், திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு 'மாதொருபாகன்' என்னும் புதினமாக்கினார் பெருமாள்முருகன், 2010-இல். பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊராரின் சொல்லால் படும் பாடுதான் அதன் உயிர். 2014-ஆம் ஆண்டு இறுதியில் புத்தகத்தை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். எழுத்தாளர் எழுத்தையே துறப்பதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. புத்தகத்தின் மீது பாய்ந்த சினத்தில் பத்தில் ஒரு பங்கு, பொன்னாக்களைக் குத்தும் நாவுகளின் மீது பாய்ந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

இனி, அறிவியலின் பக்கம் வருவோம். ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பிறக்கும் காலம் வருமென்று 'இனி வரும் உலகம்' என்ற தலைப்பிலே 1940களிலேயே சொன்னார் ஈரோட்டுப் பெரியார். சிரித்தவர்கள் உண்டு. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்திலே பிறந்தாள் லூயிஸ் பிரவுன், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவிலே அதே அருஞ்செயலைச் செய்தார் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. மாலையா போட்டார்கள்? விசாரணைக்குழு போட்டார்கள்! நம்ப மறுத்தார்கள்; நையாண்டி செய்தார்கள். மனமுடைந்து 1981-இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார் அந்த மேதை. உண்மையை உலகம் ஒப்புக்கொள்ளப் பல்லாண்டு ஆயிற்று.

அறிவியலை அன்று நம்ப மறுத்தவர்கள் ஒரு வகை. அறிவியலின் பெயரால் இன்று ஆசை காட்டுகிறவர்கள் இன்னொரு வகை. நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். கொழுகொழு குழந்தை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பின் பின்னாலுள்ள கணக்கைச் சொல்கிறேன்.

முட்டைக்குப் பெயர் பெற்றது நாமக்கல்.  பெண்ணின் கருமுட்டைக் கணக்கைக் கேளுங்கள். பிறக்கும்போதே பத்து முதல் இருபது இலட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள். பூப்பெய்தும் வேளையிலே மூன்று முதல் ஐந்து இலட்சம் எஞ்சுகின்றன. புதிதாகச் சேர்வது இல்லை. முப்பத்தைந்துக்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. இது அவள் குற்றமன்று; உடலின் இயல்பு.

கணக்கை ஒளிக்காமல் வெளியிடும் நாடு பிரிட்டன். 2019-ஆம் ஆண்டு அங்கே, சொந்தக் கருமுட்டையிலிருந்து உருவாக்கிக் கருப்பையில் வைத்த கருக்களில், முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம் நூற்றுக்கு 32 குழந்தையாயின. நாற்பது முதல் நாற்பத்திரண்டு வயதுவரை நூற்றுக்கு 11. நாற்பத்து மூன்றைக் கடந்தோருக்கு ஐந்துக்கும் குறைவு.

நூற்றில் பதினொன்று! பலகையிலே சிரிப்பது அந்தப் பதினொன்று. மீதி எண்பத்தொன்பதின் கண்ணீருக்குப் பலகை உண்டா? ஒரு சுற்றுக்கு ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் என்று கரைகிறது. தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகிறது. பூர்விக நிலம் கிரயத்துக்குப் போகிறது. முதற்சுற்று தோற்றால், 'அடுத்த முறை பார்க்கலாம்' என்கிறது மருத்துவமனை. நம்பிக்கை நல்லதுதான். ஆனால் எண்ணைச் சொல்லாமல் விற்கும் நம்பிக்கை, எடைக்கல் இல்லாத தராசு!

சொந்தக் கருமுட்டை கைகொடாதபோது, இளம்பெண்ணின் கருமுட்டையைத் தானமாகப் பெறலாம் என்கிறார் மருத்துவர். வெற்றி வாய்ப்பு அதனால் கூடுவது உண்மை. ஆனால் தோழர்களே, தானம் தருகிறவள் யார்? மாளிகைச் சீமாட்டியா? கடனில் மூழ்கிய வீட்டுப் பெண்! பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்தின்கீழ்க் கருமுட்டையைத் தருகிறாள். ஊக்கமருந்து எல்லை மீறினால் வயிற்றிலே நீர் கோத்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

2022-ஆம் ஆண்டு ஜூனில் நாட்டையே உலுக்கிய ஈரோட்டு வழக்கை மறந்துவிட்டோமா? பதினாறு வயதுச் சிறுமி! போலி ஆதார் அட்டை காட்டி, வயதை உயர்த்தி, பலமுறை கருமுட்டை எடுத்திருக்கிறார்கள். விற்றது பெற்ற தாயும் கூட்டாளிகளும். எடுத்தவை படித்தவர் நடத்தும் மருத்துவமனைகள். கைதுகள் நடந்தன, அரசு நடவடிக்கை எடுத்தது. பத்துமாதம் சுமந்தவளே தரகியாகும் அளவுக்கு வறுமைக்கும் பேராசைக்கும் வழி திறந்துவிட்டது யார்?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்கு வரும் பெண் 21 முதல் 50 வயதுக்குள்ளும், ஆண் 21 முதல் 55 வயதுக்குள்ளும் இருக்கவேண்டும். கருமுட்டை தருபவள் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவளாக இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தரலாம். ஏழு கருமுட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. அவளுக்குக் காப்பீடு செய்தாக வேண்டும். விற்பனை குற்றம். ஏட்டிலே இருக்கும் இந்தச் சட்டம் விசைத்தறிக் கூடத்துப் பெண்ணின் காதுக்கு எட்டியிருக்கிறதா? எட்டச் செய்வது யார் கடமை? நம் கடமை!

ஆகவே மூன்று கோரிக்கை. ஒன்று: சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-இல் திறக்கப்பட்ட செயற்கைக் கருத்தரிப்பு மையத்தைப் போல, மாவட்டந்தோறும் அரசு மையம் வேண்டும். இரண்டு: ஒவ்வொரு மருத்துவமனையும் எந்த வயதுக்கு எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் குழந்தையோடு திரும்பினர் என்பதை வாசலிலே எழுதிவைக்க வேண்டும். மூன்று: கருமுட்டை தரும் பெண்ணின் வயதையும் விருப்பத்தையும் அதிகாரிகள் நேரில் சரிபார்க்க வேண்டும்.

அரசிடம் கேட்பது இவ்வளவு. உங்களிடம் கேட்பது வேறு. பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் உரிமை. நாற்பத்திரண்டு வயதில் முயல்கிறாளா? துணை நில்லுங்கள். போதும் என்று நிறுத்திக்கொள்கிறாளா? அந்த முடிவுக்கும் தலை வணங்குங்கள். தத்தெடுக்கிறாளா? அந்தக் குழந்தையிடம் யார் பிள்ளை என்று கேளாதீர்கள். வளைகாப்பு வீட்டிலே அவளை வாசலில் நிறுத்தாதீர்கள். முதல் வளையலை அவள் கையால் அடுக்கச் சொல்லுங்கள்!

தொட்டில் அசைந்தாலும் அசையாவிட்டாலும் அவள் மனுஷி. அவளைத் தராசிலே ஏற்றும் உரிமை ஊருக்கும் இல்லை, உறவுக்கும் இல்லை, வணிகருக்கும் இல்லை!